எட்டுப் பேருக்கான குழம்பு

1

இங்கே புரட்டாசியில்தான் மரங்கள் துளிர்க்கின்றன. நான் சொல்வது நியூசிலாந்தின் தெற்குத் தீவில், மலைக்கும் கடலுக்கும் நடுவே சரிந்து கிடக்கும் ஓர் ஊரை. நம் ஊர் மல்லசமுத்திரத்தில் நீங்கள் கவுச்சிச் சட்டியைக் கழுவிப் பரணில் கவிழ்க்கும் நாளில், இங்கே பிளம் மரங்கள் இலையே இல்லாமல் பூத்து நிற்கும். காலை ஆறரைக்கு முதல் பஸ்ஸை மேட்டில் ஏற்றுவேன். கீழே துறைமுகத்தைப் பனி மூடியிருக்கும். கப்பல்களின் உச்சிக் கொம்புகள் மட்டும் வெளியே தெரியும். பஸ்ஸில் ஒருவரும் இருக்கமாட்டார்கள். காலி பஸ்ஸை ஓட்டுவது பாதித் தூக்கத்தில் தூரியில், அதாவது ஊஞ்சலில், ஆடுவது போல. (எங்கள் டிப்போ மேலாளருக்குத் தமிழ் தெரியாது என்ற தைரியத்தில்தான் இதை எழுதுகிறேன்.)

போன புரட்டாசியில் இந்தப் பஸ் என் கையைவிட்டுப் போகப் பார்த்தது. காரணம் காய்கறி. இன்னும் சரியாகச் சொன்னால், நாற்பத்தைந்து வயதுவரை நான் தின்னாமல் விட்ட காய்கறி.

இந்த நாட்டில் பஸ் ஓட்டுகிறவன் அவ்வப்போது உடம்பைக் காட்டிச் சான்றிதழ் வாங்கவேண்டும். கண், காது, முழங்கால், சர்க்கரை என்று ஒவ்வொன்றுக்கும் ஒரு தாள். கண்ணும் காதும் தேறிவிட்டன. முழங்கால் தட்டுத்தடுமாறித் தேறியது. சர்க்கரை தேறவில்லை. நர்ஸ் தனியாக ஒரு படிவத்தை நீட்டினார். முதல் கேள்வி: ஒரு நாளைக்கு எத்தனை கைப்பிடி காய்கறி சாப்பிடுகிறீர்கள்? இரண்டாவது: வீட்டில் சமைப்பவர் யார்?

இரண்டாவது சுலபம். 'மனைவி' என்று எழுதி அடியில் கோடு வேறு போட்டேன். முதல் கேள்விதான் உட்கார வைத்துவிட்டது. சேலத்தில் தட்டுவடை செட் போடுகிறார்களே, இரண்டு தட்டைக்கு நடுவே துருவிய பீட்ரூட்டும் கேரட்டும் வைத்து? என் வாழ்க்கையில் நானாக ஆசைப்பட்டுத் தின்ற காய்கறி அது ஒன்றுதான். அதைக் கைப்பிடியில் எப்படி அளப்பது? 'சிட்டிகை' என்று ஒரு கட்டம் அந்தப் படிவத்தில் இல்லை. 'நான்கு' என்று எழுதிக் கொடுத்தேன். நர்ஸ் அந்த நான்கைப் பார்த்தார், என் தொப்பையைப் பார்த்தார், மறுபடி நான்கைப் பார்த்தார்.

பிறகு பொறுமையாகச் சொன்னார். சர்க்கரை இறங்காவிட்டால் ஊசிக்குப் போகவேண்டிவரும். ஊசி என்றால் பஸ் உரிமத்தை மறுபடி ஆராய்வார்கள். ஆராய்ந்து முடிக்கும்வரை நான் பஸ் ஓட்டக்கூடாது, வேண்டுமானால் கழுவலாம். ஆறு வாரம் கழித்து வாருங்கள்.

இருபது வயதில் லாரி ஸ்டீரிங்கைப் பிடித்தவன் நான். அதை விட்டால் கையை எங்கே வைத்துக்கொள்வது என்றுகூட எனக்குத் தெரியாது.

2

நல்ல வேளையாகப் புரட்டாசி வந்துகொண்டிருந்தது. எனக்கு ஒரு யோசனை பளிச்சென்று உதித்தது. எனக்கு உதிக்கும் யோசனைகள் எல்லாம் அப்படிப் பளிச்சென்றுதான் உதிக்கும். நர்ஸிடம், "அடுத்த மாதம் முழுக்க நான் விரதம்" என்று என் ஆங்கிலத்தில் சொன்னேன். அவர் நாற்காலியைப் பின்னால் தள்ளி எழுந்தே விட்டார். ஒரு மாதம் பட்டினி கிடந்தால் மயக்கம் வரும், பஸ்ஸோடு கடலுக்குள் போய்விடுவீர்கள் என்றார். பட்டினி இல்லையம்மா, கறி மீன் முட்டை கிடையாது, வெறும் சைவம் என்று விளக்கினேன். அவர் முகம் மலர்ந்துவிட்டது. அப்படியானால் முழுக்க முழுக்கக் காய்கறியா? ஆமாம் என்றேன். பொய் இல்லை. நான் அப்படித்தான் நம்பினேன்.

இது நம் ஆட்கள் மட்டுமே செய்யக்கூடிய தப்பு. கறியை நிறுத்தினால் உடம்பு சுத்தமாகிவிடும் என்று நமக்கு ஒரு நினைப்பு. நாமக்கல் கோழிகளைப் புரட்டாசியில் நாம் தொடுவதில்லை. அதற்காகக் காய்கறியைத் தொடுகிறோமா என்றால், அதுவும் இல்லை. முதல் சனிக்கிழமை பூங்கொடியிடம் தளிகை போடச் சொன்னேன். பூங்கொடி என் மனைவி, ஆட்டையாம்பட்டிக்காரி, இங்கே ஒரு முதியோர் இல்லத்தில் பகல் முறை வேலை. வேலை முடிந்து மூன்று மணிக்கு வந்து, சர்க்கரைப் பொங்கல், உளுந்து வடை, சேமியாப் பாயசம், வாழைக்காய் வறுவல், உருளைக்கிழங்கு வறுவல், அப்பளம், வெள்ளைச் சோறு எல்லாம் செய்து வைத்தாள். இலையில் பச்சையாக இருந்தது இலை மட்டும்தான். அதுவும் இங்கே காகிதத்தில் அச்சடித்து விற்பது.

"இத்தனையும் தின்னா சக்கரை எறங்குங்களா?" என்று அவள் சந்தேகமாகக் கேட்டாள்.

சாமிக்குப் படைத்தது உடம்புக்குக் கெடுதல் செய்யாது என்று நான் வேதாந்தம் பேசினேன். பேசிக்கொண்டே பாயசத்தை இரண்டாம் முறை வாங்கிக்கொண்டேன். ஐந்து சனிக்கிழமை. இடையில் வந்த நாட்களிலும் சனிக்கிழமையின் மிச்சம்.

ஆறு வாரம் கழித்துப் பார்த்தால் சர்க்கரை ஏறியிருந்தது. நர்ஸ் தாளை இரண்டு முறை திருப்பிப் பார்த்தார். என்ன சாப்பிட்டீர்கள் என்றார். பட்டியல் சொன்னேன். ஒவ்வொன்றையும் எழுதி, எழுதி, பாதியில் பேனாவைக் கீழே வைத்துவிட்டார். மூன்று மாதம் தருகிறேன், அதற்கு மேல் என் கையில் இல்லை என்றார். காய்கறி என்றால் காயாகவே இருக்கும் காய்கறி, தோலோடும் நாரோடும் கண்ணுக்குத் தெரிகிற காய்கறி, வீட்டில் சமைத்தது என்று ஒரு தாளில் எழுதிக் கொடுத்தார். படம் வேறு போட்டிருந்தது, நான் அடையாளம் தெரியாமல் வேறு எதையாவது வாங்கிவிடக் கூடாதே என்று.

3

பூங்கொடி அந்தத் தாளைக் குளிர்பதனப் பெட்டியில் ஒட்டினாள். மறுநாள் முதல் அவள் வேலை செய்யும் இல்லத்தில் தொண்ணூறு வயதுக்காரர்களுக்கு வைப்பது போலவே எனக்கும் வைத்தாள். உப்பில்லாமல் வேகவைத்த பீன்ஸ், வேகவைத்த கேரட், வேகவைத்த பிராக்கோலி. மூன்றுக்கும் ஒரே ருசி, அதாவது தண்ணீரின் ருசி. பல்லே தேவைப்படவில்லை. என் பொண்ணு யாழினிக்குப் பதினைந்து வயது. அவள் வெளிநாட்டுத் தானியம் ஏதோ ஒன்றைக் கிண்ணத்தில் போட்டு, மேலே பச்சை இலையைத் தூவி, போட்டோ எடுத்துவிட்டுத் தன் அறைக்குள் எடுத்துக்கொண்டு போய்விடுவாள். அவள் எங்களோடு மேசையில் உட்கார்ந்து ஒரு வருடமாகிறது. தமிழில் அவள் என்னோடு பேசுவது "சாவி எங்கே", "கதவை மூடுங்க" இரண்டும்தான்.

ஒரு வாரம் தாங்கினேன். எட்டாம் நாள் காலை, காலி பஸ்ஸை மேட்டில் ஏற்றிக்கொண்டிருந்தபோது எதிரே பனி வெள்ளை மாவாகக் கிளம்பி வந்தது. நான் பஸ்ஸுக்குள்தான் இருந்தேன். ஆனால் அந்த வெள்ளை என்னை வேறு எங்கோ கூட்டிக்கொண்டு போய்விட்டது.

திருச்செங்கோட்டிலிருந்து புறப்பட்ட ஒரு ரிக்கில், இருபத்து நான்கு வயதில், ஒரு வருடம் இருந்தேன். மகாராஷ்டிரத்தின் வறண்ட வயல்காடுகளில் ஆழ்துளைக் கிணறு, அதாவது போர், போடும் வேலை. ரிக் வண்டியோடு கூடவே குழாய் ஏற்றிய லாரி ஒன்று போகும். அதன் டிரைவர் நான். நாங்கள் போய்ச் சேர்ந்த மாதமே சமையல்காரர் தங்கச்சி கல்யாணத்துக்கு ஊருக்குப் போனார். கல்யாணம் இன்னும் முடியவில்லை போலிருக்கிறது, அவர் திரும்பி வரவே இல்லை. மேனேஜர் சுற்றிப் பார்த்தார். மற்ற ஆறு பேரும் மண்ணும் எண்ணெயுமாக வேலையில் இருந்தார்கள். "லாரி நிக்குது, டிரைவர் சும்மாதான உக்கோந்திருக்கறான். அவனையே ஆக்கச் சொல்லு" என்றார்.

முதல் நாள் நான் வைத்த ரசத்தைக் குடித்துவிட்டு, சேந்தமங்கலத்து டிரில்லர் ஒருவர், "ஏப்பா டிரைவரு, இது ரசமா, ரேடியேட்டர்ல புடிச்சதா?" என்று கேட்டார். அந்தக் கேள்விதான் என் குரு. ஒரே மாதத்தில் எட்டுப் பேருக்குக் குழம்பு வைக்கக் கற்றுக்கொண்டேன். மத்து இல்லாததால் கீரையை எவர்சில்வர் டம்ளரின் அடியால் கடைவேன்.

எங்களுக்கு ஒரு விதி இருந்தது. தண்ணீர் வந்தால் காய், வராவிட்டால் பருப்பு. ரிக் இறங்க இறங்க வெள்ளைப் புழுதி கிளம்பிக்கொண்டே இருக்கும். ஆட்கள், மாடுகள், வேப்ப மரம் எல்லாம் மாவில் புரட்டியது போல நிற்கும். நிலத்துக்குச் சொந்தக்காரரான காட்டுக்காரரும் அவர் சம்சாரமும் வாய் பேசாமல் புழுதியையே பார்த்துக்கொண்டிருப்பார்கள். சில இடத்தில் புழுதி புழுதியாகவே முடிந்துவிடும். அன்றைக்கு யாரும் எங்கள் முகத்தைப் பார்க்கமாட்டார்கள், நாங்கள் பருப்பைத் தாளித்துத் தின்றுவிட்டுக் கிளம்புவோம். சில இடத்தில் புழுதி லேசாகக் கருக்கும். பிறகு சேறு. பிறகு சட்டென்று தண்ணீர் மரத்துக்கு மேலே எழும்பிப் பெய்யும். அன்று பொழுது சாய்வதற்குள் அந்த அம்மா முந்தானை நிறையக் கத்திரிக்காய் கொண்டுவந்து லாரியின் படியில் கொட்டுவார். கட்டைவிரல் பருமன், ஊதா நிறம், காம்பில் முள். அவர் பாஷை எனக்குத் தெரியாது, என் பாஷை அவருக்குத் தெரியாது. நான் தட்டப்பயறு வறுக்கும் வாசனையை மட்டும் நின்று முகர்ந்துவிட்டுப் போவார்.

பின்னால் யாரோ மணியை அடித்தார்கள். இறங்கவேண்டிய நிறுத்தம் போய்விட்டது என்று ஓர் அம்மையார் மிகவும் மரியாதையாகத் திட்டினார். அவர் எப்போது ஏறினார் என்றே எனக்குத் தெரியவில்லை.

4

இங்கே உங்களிடம் ஒரு பொய்யை ஒப்புக்கொண்டாக வேண்டும்.

எனக்குச் சமைக்கத் தெரியும் என்பது பூங்கொடிக்குத் தெரியாது. பெண் பார்க்க ஆட்டையாம்பட்டிக்குப் போனபோது என் அம்மா முறுக்கைக் கடித்துக்கொண்டே, "என்ற பையனுக்குச் சுடுதண்ணி வெக்கக்கூடத் தெரியாதுங்க" என்று பெருமையாகச் சொன்னார். எங்கள் பக்கம் மாப்பிள்ளைக்கு அது ஒரு பட்டம். ரிக்கில் சோறாக்கிப் போட்டவன் என்று தெரிந்தால் மாமனார் வீட்டில் மதிப்புக் குறையும் என்று நானும் வாயை மூடிக்கொண்டேன். அதற்குப் பிறகு பொய் வசதியாக இருந்தது. சாய்வு நாற்காலி மாதிரி. உட்கார்ந்தால் எழத் தோன்றுவதில்லை. பத்தொன்பது வருடம் உட்கார்ந்திருந்தேன்.

புதன்கிழமை எனக்கு ஓய்வு நாள். பூங்கொடி வேலைக்கு, யாழினி பள்ளிக்கூடத்துக்கு. இந்தியக் கடையில் தட்டப்பயறு வாங்கினேன். சந்தையில் குட்டிக் கத்திரிக்காய் கிடைத்தது. பயறை வெறும் சட்டியில் வறுத்தேன். அந்த வாசனை எழுந்ததும் கைக்கு எல்லாம் ஞாபகம் வந்துவிட்டது. சின்ன வெங்காயம், பூண்டு, தக்காளி, கொத்தமல்லி வறுத்து அரைத்தது. எண்ணெய் ஒரு கரண்டி, அவ்வளவுதான். ரிக்கில் எண்ணெய்ச் சிக்கனம் ஒரு மதம். கத்திரிக்காய் தோல் சுருங்கி, பயறு மலர்ந்து, குழம்பு 'லொட லொட' என்று பேச ஆரம்பித்தது. நின்றுகொண்டே ஒரு தட்டுத் தின்றேன். கண்ணில் தண்ணீர் வந்தது. மிளகாய்தான்.

அப்புறம்தான் சட்டியைப் பார்த்தேன். விசேஷத்துக்கு மட்டும் எடுக்கும் பிரியாணிச் சட்டி. அதில் முக்கால் சட்டிக் குழம்பு. என் கைக்குத் தெரிந்தது ஒரே ஓர் அளவு, எட்டுப் பேர். உப்பும் எட்டுப் பேருக்கு, பயறும் எட்டுப் பேருக்கு. இரண்டு மணி ஆகிவிட்டது, மூன்றுக்குப் பூங்கொடி வந்துவிடுவாள்.

கொலையை மறைப்பதுகூட இதைவிடச் சுலபமாக இருக்கும். ஜன்னல்களைத் திறந்து வாசனையைத் துண்டால் விரட்டினேன். மூன்று டப்பாக் குழம்பை எங்கள் காரின் டிக்கியில் ஒளித்தேன். டிப்போவில் இருக்கும் மூவருக்கு மறுநாள் யோகம். நாலாவது டப்பா, பெரியது, பக்கத்து வீட்டுக் கிரஹாமுக்கு. அவர் ஓய்வு பெற்ற தபால்காரர், தனி ஆள், வீட்டுக்குப் பின்னால் தோட்டம் போடுகிறவர். வேலிக்கு மேலே டப்பாவைக் கொடுத்தேன். அதோடு சும்மா வந்திருக்கலாம். ஊர்ப் பெருமை பேசும் வியாதி எனக்குச் சர்க்கரைக்கு முன்பே இருக்கிறது. எங்கள் பக்கம் யார் வீட்டுப் பாத்திரத்தையும் வெறுமனே திருப்பிக் கொடுக்கமாட்டோம், ஒரு கைப்பிடி எதையாவது போட்டுத்தான் கொடுப்போம் என்று அவருக்கு ஒரு சொற்பொழிவு நிகழ்த்திவிட்டு வந்தேன்.

5

கிரஹாம் சொன்ன சொல் தவறாதவர். மறுநாள் மூன்றே காலுக்கு எங்கள் வாசலில் பூங்கொடி தோழியின் காரிலிருந்து இறங்கும்போது, கழுவித் துடைத்த டப்பா நிறையக் கீரையோடு நின்றிருக்கிறார். வெள்ளைத் தண்டும் கரும்பச்சை இலையுமாக இங்கே எல்லார் தோட்டத்திலும் காட்டுத்தனமாக வளரும் கீரை. உன் கணவர் செய்த பயறுக் குழம்பு அருமை, உங்கள் ஊர் வழக்கப்படி காலி டப்பா தரவில்லை என்று சொல்லிக் கொடுத்திருக்கிறார்.

நான் சோபாவில் படுத்திருந்தேன். பூங்கொடி டப்பாவை மேசைமேல் வைத்தாள். கோட்டைக் கழற்றினாள். ஒன்றும் நடக்காதது போலக் கேட்டாள்.

"ஏனுங்க மாமா, தட்டப்பயறை எத்தன நேரம் ஊற வெக்கோணும்?"

"ஊற வெக்கறதெல்லாம் எதுக்கு? வறுத்துப் போட்டா..."

அங்கேயே நிறுத்தினேன். ஆனால் பஸ் நிறுத்தத்தைத் தாண்டிவிட்டது.

"வீடியோவுல பாத்தேன்" என்றேன்.

"வீடியோவுல பிரியாணிச் சட்டியிலதான் வெக்கச் சொன்னாங்களா?"

சொல்லிவிட்டேன். ரிக், மேனேஜர், ரேடியேட்டர் ரசம், டம்ளர் மத்து, அம்மா கடித்த முறுக்கு, எல்லாவற்றையும். சிரிக்கிற மாதிரி சொல்ல எனக்குத் தெரியும், அப்படித்தான் சொன்னேன். ரேடியேட்டருக்கு அவள் சிரிக்கவும் செய்தாள். பிறகு சிரிப்பு நின்றுவிட்டது. நாற்காலியை இழுத்து உட்கார்ந்தாள்.

"யாழினி பொறந்தப்ப வயித்தக் கிழிச்சிருந்தாங்க. நம்மாளுங்க ஒருத்தரும் இல்ல. பதினொரு நாள் பிரெட்டும் ஜாமும் தின்னேன் மாமா. பன்னெண்டாம் நாளு செவுத்தப் புடிச்சிட்டு எந்திரிச்சுப் போயி ரசம் வெச்சேன்." கீரையின் தண்டை ஒடித்துக்கொண்டே சொன்னாள். "அன்னிக்கு நீங்க அடுப்படி வாசல்ல நின்னுட்டு, தண்ணி கொதிச்சா எப்புடித் தெரியும்னு கேட்டீங்க."

எனக்கு அது ஞாபகம் இருந்தது. அந்தக் கேள்வியை நான் நண்பர்களிடம் எத்தனையோ முறை நகைச்சுவையாகச் சொல்லியிருக்கிறேன். கேட்டவர்கள் எல்லாம் விழுந்து விழுந்து சிரித்திருக்கிறார்கள்.

மாடிப்படியில் யாழினி நின்றிருந்தாள். எப்போது வந்தாள் என்று தெரியாது. "அப்பா, அது ரொம்ப மோசம்" என்றாள். பல மாதத்துக்குப் பிறகு என்னோடு அவள் முழுசாகப் பேசிய தமிழ் வாக்கியம் அது. பிழையே இல்லை.

பூங்கொடி எழுந்தாள். "பஸ்ஸு வேணும்னா இனி நீங்களே ஆக்கித் தின்னுங்க. எங்களுக்கும் சேத்து" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனாள்.

6

மறுநாள் நான் முதலில் வைத்தது எனக்கான சமையல் இல்லை. பிள்ளை பெற்றவளுக்கு எங்கள் பக்கம் செலவு ரசம் வைப்பார்கள். மிளகு, சீரகம், திப்பிலி, மல்லி எல்லாம் வறுத்துப் பொடித்து, பூண்டை முழுசு முழுசாகப் போட்டு வைப்பது. திப்பிலிக்காக இந்தியக் கடையில் எல்லா டப்பாவையும் திறந்து பார்த்தேன். கடைசியில் கொல்லிமலைத் திப்பிலி ஒரு பொட்டலம் எங்கள் வீட்டு அலமாரியிலேயே இருந்தது, பூங்கொடி போன முறை ஊரிலிருந்து கொண்டுவந்தது. பதினைந்து வருடம் தாமதமான பத்தியத்தை அவள் முன்னால் வைத்துவிட்டு நின்றேன். ஏதாவது சொல்லலாம் என்று வாயைத் திறந்தேன். என்னிடம் இருந்தவை எல்லாம் ஜோக்குகள். மூடிக்கொண்டேன்.

இரண்டு கரண்டி குடித்தாள். "உப்பு எச்சு" என்றாள். மூன்றாவது கரண்டி எடுத்தாள்.

அந்தக் கோடைக்காலம், அதாவது உங்கள் மார்கழி, எனக்குக் கனவு போலத்தான் ஓடியது. இங்கே அப்போது பொழுது சாயவே சாயாது. மதியம் பஸ்ஸை ஒப்படைத்துவிட்டு வந்து, வெயில் விழும் சன்னலோரம் காய் நறுக்கிக்கொண்டிருப்பேன். கிரஹாமின் கீரையைப் பச்சைப்பயறோடு வேகவைத்து டம்ளரின் அடியால் கடைந்தேன். பூசணிக்காயைத் தோலோடு துண்டாக்கிக் கடுகும் தேங்காயும் தூவிப் பொரியல் செய்தேன். கொள்ளை வேகவைத்து, தண்ணீரை ரசமாக்கி, கொள்ளைக் கடைசலாக்கினேன். ராகிக் களி கிண்டி, ஒரு உருண்டை எனக்கு, அரை உருண்டை பூங்கொடிக்கு. சோறு என் தட்டில் ஒரு மூலைக்கு ஒதுங்கிவிட்டது, ஒறம்பரைக்கு விருந்தாளியாக வந்து ஓரமாக உட்கார்ந்த ஆள் மாதிரி.

கஷ்டம் சமைப்பதில் இல்லை, குறைப்பதில்தான் இருந்தது. எட்டை மூன்றாக்குவது என்ன பெரிய கணக்கு என்பீர்கள். பயறை ஒரு கை அள்ளினால் அது ரிக்குக்கான கையாகவே இருக்கிறது. பாதியைத் திரும்பக் கொட்டும்போது யாரையோ பந்தியிலிருந்து எழுப்பிவிட்டது போலத் தோன்றும். சேந்தமங்கலத்து டிரில்லர் தட்டோடு நிற்பது போலவே இருக்கும். கொட்டாமலே விட்டுவிடுவேன். மிச்சம் டப்பாவில் கிரஹாமுக்குப் போகும். டப்பா பீன்ஸோடு திரும்பி வரும். பீன்ஸ் பொரியலாகிப் போகும், டப்பா தக்காளியோடு வரும். அந்த டப்பா அந்தக் கோடை முழுக்க ஒரு முறைகூட வெறுமனே வேலி தாண்டவில்லை.

யாழினி மேசைக்கு வரவில்லை. அந்தப் பொய்யை மட்டும் நான் எழுதமாட்டேன். தன் கிண்ணத்தோடுதான் அறைக்குப் போனாள். ஒரு நாள் பாதிப் படியில் நின்று, யோசித்து, இறங்கி வந்து, தானியத்தின்மேல் கத்திரிக்காய்க் குழம்பை இரண்டு கரண்டி ஊற்றிக்கொண்டு ஏறிப் போய்விட்டாள். நன்றாக இருந்தது என்றெல்லாம் சொல்லவில்லை. அடுத்த வாரம் கொஞ்சம் பெரிய கிண்ணமாக எடுத்து வந்தாள்.

7

மூன்று மாதம் முடிந்த காலை. நர்ஸ் என் கையைத் திருப்பித் திருப்பி நரம்பு தேடினார். ரிக்குக்கு நீரோட்டம் பார்த்து இடம் குறிப்பவர்கள் உள்ளங்கையில் தேங்காயை வைத்துக்கொண்டு காட்டில் நடப்பார்கள். நர்ஸிடம் தேங்காய் மட்டும்தான் இல்லை. ஊசி இறங்கியபோது நான் வேறு பக்கம் பார்த்துக்கொண்டேன். காட்டுக்காரர்கள் எதற்காக அப்படி வாய் மூடி நின்றார்கள் என்று இருபது வருடம் கழித்துப் புரிந்தது. இறங்குகிறது, என்ன வரும் என்று தெரியாது, கையால் செய்ய இனி ஒன்றும் இல்லை.

படிவம் மறுபடி வந்தது. கைப்பிடிகளை உண்மையாகவே எண்ணி எழுதினேன். வீட்டில் சமைப்பவர் யார்? 'நான்' என்று எழுதினேன். அடியில் கோடு போடவில்லை.

முடிவு தெரிய இரண்டு நாள். கடைசி நிறுத்தத்தில் காலி பஸ்ஸில் உட்கார்ந்திருந்தபோது போன் வந்தது. கோட்டுக்குக் கீழே இறங்கிவிட்டது என்றார் நர்ஸ். ஊசி வேண்டாம், சான்றிதழில் கையெழுத்துப் போட்டாயிற்று, இப்படியே சாப்பிடுங்கள். நன்றி சொன்னேனா என்று ஞாபகம் இல்லை. சன்னலுக்கு வெளியே பனி விலகிக்கொண்டிருந்தது. கப்பல்கள் அடிவரைக்கும் தெரிந்தன. தண்ணீர் வந்துவிட்டது.

பூங்கொடிக்குக் குறுஞ்செய்தி அனுப்பினேன். கட்டைவிரலை உயர்த்தி ஒரு படம் அனுப்பினாள், அவ்வளவுதான். அந்தப் பதினொரு நாளைப் பற்றி அவள் அதற்குப் பிறகு பேசவில்லை. பேசாததால் அது தீர்ந்துவிட்டது என்று நினைக்கும் அளவுக்கு நான் மடையன் இல்லை.

மறுநாள் காலை ஆறரை மணி வண்டி. எங்கள் தெருமுனை நிறுத்தத்தில் பூங்கொடி நின்றிருந்தாள். தோழியின் காரில் வேலைக்குப் போகிறவள். இத்தனை வருடத்தில் ஒரு நாளும் என் பஸ்ஸில் ஏறியதில்லை. ஊட்டுல பாக்கறது பத்தாதா, பஸ்ஸுல வேற பாக்கோணுமா என்பாள். அன்று ஏறினாள். பயண அட்டையைத் தட்டினாள், முன்பின் தெரியாதவள் போல. எனக்கு நேர் பின்னால் இருக்கும் முதல் இருக்கையில் உட்கார்ந்தாள். மடியில் விடிகாலையில் நான் கட்டிக்கொடுத்த சாப்பாட்டுப் பை.

மேட்டில் ஏறினோம். மூன்று பயணிகள், பனி, பாதி விடிந்த கடல்.

"ஏனுங்க டிரைவர்" என்றாள் பின்னாலிருந்து. "நாளைக்கு என்ன கொழம்புங்க?"

வண்டி ஓடும்போது ஓட்டுநரிடம் பேசாதீர்கள் என்று என் தலைக்கு மேலே பலகை இருக்கிறது. அதை ஒரு விரலால் சுட்டிக்காட்டினேன். அவள் காத்திருந்தாள். அடுத்த நிறுத்தத்தில் வண்டி நின்றது.

"தட்டப்பயறும் கத்திரிக்காயும்" என்றேன். "மூணு பேருக்குத்தான். கை இப்பப் படிஞ்சிருச்சு."

"நாலு பேருக்கு வைங்க" என்றாள். "கிரஹாமுக்குப் போற டப்பா நம்ம ஊட்டுலதான் இருக்குது."